ஓடும்போது ஓடும், நின்றால் அணையும்

நம் வயதுக்காரர்களுக்குக் கார் என்றால் மூன்று பெயர்தான்: அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான வண்டி. பம்பாயில் 1964-ல் வந்த பியட் 1100 டிலைட், எழுபதுகளில் பிரீமியர் பத்மினி ஆனது. அம்பாசிடர் 2014 வரை தாக்குப்பிடித்தது.

மூன்றுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. மெக்கானிக் பாஷையில் "ஐடிலிங் நிக்கல". அரக்கோணத்திலிருந்து கிளம்பித் திருத்தணி மலைப்பாதையில் ஜோராக ஏறும். மேலே கிருத்திகைக் கூட்டத்தில் நின்றதும் இன்ஜின் அணைந்துவிடும்.

காரணம் எளிது. ஓடும்போது கார்புரேட்டரில் பெரிய ஜெட் வழியாகப் பெட்ரோல் போகிறது. நிற்கும்போது ஊசிமுனை போன்ற ஸ்லோ ஜெட் ஒன்றுதான் கதி. அதில் சிறு தூசி அடைத்தாலும், அடியில் உள்ள கேஸ்கட் வழியாகக் கொஞ்சம் காற்றுப் புகுந்தாலும் போதும், கலவை கெட்டுவிடும்.

இப்போது இந்த நோய் அதிகமாகியிருக்கிறது. வண்டிக்கு வயதானதால் மட்டும் அல்ல, பெட்ரோலும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. அது நம் மூச்சுக்கு நல்லது. ஆனால் பழைய இன்ஜினின் வால்வு சீட்டுகள் ஈயத்தை நம்பி இருந்தவை. அவை தேயத் தேய டேப்பெட் இடைவெளி குறைந்து ஐடிலிங் தடுமாறும். அடுத்து எத்தனால். 2022-ல் நூற்றுக்குப் 10 பங்கு, 2025-ல் 20 பங்கு. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது. புது வண்டியில் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும், டாங்கில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும்.

எங்கள் தெரு நண்பர் ஒருவர், "இன்ஜின் போச்சு" என்று தன் அப்பா வாங்கிய பத்மினியை எடைக்குப் போடவே துணிந்துவிட்டார். வயதான மெக்கானிக் ஒருவர் வந்து சோக்கை லேசாக இழுத்தார். தடுமாறிய இன்ஜின் சீரானது. "காத்து இழுக்குது சார், இன்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்றார். கேஸ்கட்டும் இரண்டு குழாய்களும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

அவர் பார்த்த வரிசையை எழுதி வைக்கிறேன். முதலில் பிளக், சி.பி. பாயிண்ட். பொறி சரியில்லாவிட்டாலும் பெட்ரோல் கோளாறு போலவே தெரியும். அடுத்து காற்றுக் கசிவு. மூன்றாவது ஸ்லோ ஜெட். அதைக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டால் துவாரம் பெரிதாகிவிடும். மிக்சர் திருகாணியைத் தொடுவது கடைசியில்தான், அதுவும் இன்ஜின் சூடான பிறகு.

இந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், எடைக்கடைக்காரரைக் கூப்பிடும் முன் அவர்களைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.