தண்டனை விதிக்கப்படாத தீர்ப்பும் மேல்முறையீட்டு உரிமையும்: கொரெமாட்சு வழக்கின் முதற்கட்டம் (1942–1943)

பிரெட் கொரெமாட்சு வழக்கு என்றதும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1944 டிசம்பர் 18ஆம் நாள் தீர்ப்பே ஆய்வாளர் நினைவில் எழுகிறது. ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றிய இராணுவ ஆணையை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ஏற்ற தீர்ப்பு அது. அதற்கு ஏறத்தாழ 18 மாதங்கள் முன்னரே இவ்வழக்கு ஒருமுறை அந்நீதிமன்றத்தின்முன் வந்துள்ளது. அப்போது எழுந்த வினா ஆணை செல்லுமா என்பதன்று. மேல்முறையீடு செய்யத்தக்க இறுதித் தீர்ப்பு ஒன்று உள்ளதா என்பதே.

1942 மே 30 அன்று கலிபோர்னியாவின் சான் லியாண்ட்ரோவில் கைதான கொரெமாட்சு, செப்டம்பரில் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். மாவட்ட நீதிமன்றம் தண்டனை விதிப்பதையே நிறுத்திவைத்து, அவரை ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. பார்வைக்கு இது சலுகை. (அச்சலுகை பெற்றவரை இராணுவக் காவலர் டான்ஃபொரான் முகாமுக்குக் கொண்டுசென்றனர் என்பது வேறு செய்தி.) சட்டநோக்கில் இதுவே தடையாயிற்று. குற்றவியல் வழக்கில் தண்டனையே இறுதித் தீர்ப்பு என்று 1937இல் பெர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. பெர்மனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அதன் நிறைவேற்றம் மட்டுமே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கொரெமாட்சுவுக்கோ தண்டனையே இல்லை. எனவே ஐயுற்ற ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், தானே முடிவு செய்யாது, வினாவை உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பியது.

1943 ஜூன் 1 அன்று நீதிபதி ஹியூகோ பிளாக் விடையளித்தார். நிறைவேற்றம் நிறுத்தப்பட்டாலும் விதிப்பே நிறுத்தப்பட்டாலும் கண்காணிப்பில் உள்ளவர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டிற்கு ஒரே வகையில் உட்பட்டவர். ஆகவே அவ்வாணை இறுதியானது, மேல்முறையீட்டிற்கு உரியது என்பது அவர் முடிவு. சொல்லைவிடச் சொல்லின் விளைவை அளவுகோலாகக் கொண்ட இம்முறை கூர்ந்து நோக்கத்தக்கது. விடை மறுதலையாக அமைந்திருப்பின், கண்காணிப்பு விதிகளை மீறித் தண்டனை பெற்றாலன்றி, அவர் தம் குற்றத்தீர்மானத்தை மேல்முறையீட்டில் எதிர்த்திருக்க இயலாது. குறையற நடந்துகொள்பவருக்கே நீதிமன்றக் கதவு அடைபட்டிருக்கும்.

வாயில் திறந்ததால் மேல்முறையீடு விசாரிக்கப்பட்டது. 1943 டிசம்பரில் தள்ளுபடியும் ஆயிற்று. 1944இன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அதே பிளாக்தான். 1983 நவம்பரில் மாவட்ட நீதிபதி மர்லின் ஹால் பட்டேல் அக்குற்றத்தீர்மானத்தை நீக்கியபோது கொரெமாட்சுவுக்கு வயது 64.