பழைய பள்ளிவாசல் முகப்புகளும் நமது பொறுப்பும்

மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்றொரு இடம் உண்டு. 1660இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் கொட்டியாரக் குடாக்கரையில் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டனர். அவர்கள் பிடிபட்ட புளியமரத்தடி என்று மக்கள் காட்டும் இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சம்பூரில் நான் தமிழ் படிப்பிக்கும் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், பிடிபட்டவருக்குக் கல்லு வச்சிருக்கு. இங்கயே வாழ்ந்த ஆக்களுக்கு என்ன இருக்கு?"

அன்று மறுமொழி சொல்லாமல் மணியடிக்கக் காத்திருந்தேன். காரணம் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றின் முகப்பை இடித்துப் புதிதாகக் கட்டத் தீர்மானித்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த உருண்டைத் தூண்கள், ஓட்டுத் தாழ்வாரம், பலகைக் கதவுகள். ஜும்ஆவுக்குப் பிறகு கூடிய கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "ஒழுகுற கூரைக்குக் கீழ எத்தன காலம் மகன் தொழுறது? வெளியூர்ப் புள்ளயள் காசு அனுப்பியிருக்காங்க. குப்பாவோட கட்டுவம்." நியாயமான பேச்சுத்தான். கூரையை மட்டும் மாற்றலாமே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இரண்டு நாளில் முகப்பு மண்ணோடு மண்ணாயிற்று. யாரும் அளவெடுக்கவில்லை, படமெடுக்கவுமில்லை.

பழைய கட்டிடமொன்றின் வெளித்தோற்றத்தை மாற்றுமுன் அயலாரும் அறிந்தவர்களும் கூடி ஆராய வேண்டும் என்ற வழக்கம் நம் நாட்டில் இல்லாததல்ல. காலிக்கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்த கோட்டை அது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்கென்று தனிச் சட்டமே வந்தது. கோட்டைக்குள் வீட்டின் முகப்பை மாற்ற விரும்புபவர் கொந்தராத்துக்காரரை மட்டும் கூப்பிட்டால் போதாது. மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, தொல்பொருளியல் திணைக்களம், மரபுரிமை மன்றம் என்று பல கண்கள் அந்த வரைபடத்தைப் பார்க்கும். அரைவட்ட ஓடு, தெருவோரத் தாழ்வாரம், கட்டிடத்தின் உயரம், கதவு யன்னலின் அளவு எல்லாம் கேள்விக்கு வரும்.

இது நமக்கு அந்நியமான ஊரின் கதையல்ல. அங்குள்ள பெட்லர் தெருவின் ஒல்லாந்தப் பெயருக்குப் பொருள் 'சோனக வியாபாரிகளின் தெரு' என்பதே. வெளிச்சவீட்டுக்கு எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் 1904இல் எழுந்தது. இரண்டு கோபுரங்களோடு, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தேவாலயம் போலத் தெரியும். கிட்டப் போனால் பிறை தெரியும். கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியோ கருங்கல் தூண்களோடு திராவிட மண்டபம் போல நிற்கிறது. குப்பாவும் உயர்ந்த மினாராவும் இருந்தால்தான் பள்ளி என்பது நம் முன்னோரின் எண்ணமாக இருக்கவில்லை. கிப்லா சரியாக இருந்தது. மற்றதை ஊரின் கொத்தனும் தச்சனும் தங்களுக்குத் தெரிந்த கைவேலையில் செய்தார்கள். அந்தக் கைவேலைதான் நாம் இந்த மண்ணோடு கலந்து வாழ்ந்ததற்கான சாட்சி. அதை நாமே இடித்துவிட்டு, எங்கோ பார்த்த படத்தைப் பிரதி பண்ணினால், 'இவர்கள் நேற்று வந்தவர்கள்' என்று சொல்பவருக்கு நாமே துணைபோகிறோம்.

சட்டம் காப்பாற்றும் என்றிருக்கவும் முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டிடங்களையே இயல்பாகத் தொன்மையானவை என்று கொள்கிறது. பிந்தியவற்றுக்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகள் பல அந்தத் திகதிக்குப் பின்னால் எழுந்தவை.

"அப்ப தொல்பொருளுக்கு எழுதிப் போடுவமா?" என்றால் நம்மவர் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. கூரகல தப்தர் ஜெய்லானியில் நடந்தவையும் நினைவிலிருக்கின்றன. பெயர்ப்பலகை ஊன்றினால் காணி போய்விடும் என்று சனம் நினைப்பதில் வியப்பில்லை. காலியிலும் எல்லாம் நல்லபடி முடியவில்லை. வெளிநாட்டார் வந்து வீடுகளை வாங்க விலை ஏறியது. பழைய குடும்பங்கள் பல விற்றுவிட்டு வெளியேறின. முகப்பு அப்படியே இருக்கிறது, வீட்டுக்காரர் இல்லை. மக்களைக் காக்காமல் சுவரை மட்டும் காப்பதும் அரைவேலைதான்.

ஆகவே முதல் ஆய்வை நாமே செய்ய வேண்டும். இடிப்பதற்குமுன் பள்ளி நிருவாக சபை மூன்று மாதம் பொறுக்கட்டும். நாலு பக்கமும் படமெடுத்து, அளவெடுத்து, வரைபடம் கீறி வைக்கட்டும். எந்தப் பகுதி எந்தக் காலத்தது, யார் கட்டியது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதட்டும். பெண்களிடமும் கேட்க வேண்டும். மூத்தம்மாமாரின் ஞாபகம் பெரிய ஆவணம். ஒழுகும் கூரையா, உக்கிய மரமா, இடப் பற்றாக்குறையா என்று பிரித்துப் பார்க்கட்டும். இடம் போதாவிட்டால் பின்பக்கம் பெருப்பிக்கலாம். சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உதிரும் என்பதையும் வேலைகாரருக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் இடிக்கத்தான் வேண்டுமென்றால், அறிந்து இடித்ததாகவாவது இருக்கும்.

இதையெல்லாம் சம்பூரில் என்னோடு படிப்பிக்கும் ஒருவரிடம் சொன்னேன். 2006இல் ஊரை விட்டோடி, பத்து வருடத்தின் பின் திரும்பி வந்து, தன் வீட்டு அத்திவாரத்தைத் தேடிப் பிடித்தவர் அவர். "உங்களுக்கு யோசிச்சு முடிவெடுக்க நேரமாவது இருந்தது, சேர்" என்றார்.

அந்தப் பழைய முகப்புக்கு எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது வாப்பாவின் கலியாணப் போட்டோ ஒன்றுதான். மாப்பிள்ளைத் தோழர்களுக்குப் பின்னால் இரண்டு தூணும் அரைக் கதவும் தெரிகின்றன. அடுத்த தவணை அதை வகுப்புக்குக் கொண்டுபோய் அந்த மாணவியிடம் காட்டப் போகிறேன்.