பாதியில் நின்ற ஆடியோ டவுன்லோடு: மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பயான், கிராஅத், தமிழாக்கத்துடன் கூடிய குர்ஆன் ஒலிப்பதிவு என்று நம் வீடுகளில் இறக்கிக் கேட்கும் ஆடியோ கோப்புகள் பெரும்பாலும் பெரியவை. நொடிக்கு 128 கிலோபிட் தரமுள்ள எம்பி3 கோப்பு, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி இருக்கும். 2 மணி நேரம் ஓடும் அல்பகரா அத்தியாயம் மட்டுமே 115 எம்பி ஆகிவிடும். 90 சதவீதம் வந்தபின் இணைப்பு அறுந்தால், இறங்கியதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். பல நேரங்களில் அதற்கு அவசியமே இல்லை.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது எப்படி நடக்கிறது?

இணையத்தின் எச்டிடிபி விதிமுறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. "இத்தனை பைட்டுகள் வந்துவிட்டன, அதற்கு அடுத்ததிலிருந்து கொடு" என்று உங்கள் போன் கேட்கும். சர்வருக்கு அந்த வசதி இருந்தால் 206 என்ற குறியீட்டுடன் மீதியை மட்டும் அனுப்பும். வசதி இல்லையென்றால் 200 என்று பதில் தந்து முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பும். ஆகவே சில தளங்களில் தொடர முடிவதும் சில தளங்களில் முடியாமல் போவதும் உங்கள் போனின் குறையாக இருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

1. பாதியில் நின்ற கோப்பை அழிக்காதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். குரோம் அதை 'சிஆர்டவுன்லோடு' என்றும், ஃபயர்பாக்ஸ் 'பார்ட்' என்றும் முடியும் பெயரில் வைத்திருக்கும்.

2. பிரவுசரின் டவுன்லோடு பட்டியலில் 'ரெஸ்யூம்' இருந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.

3. அடிக்கடி அறுந்தால் ஃப்ரீ டவுன்லோடு மேனேஜர் போன்ற செயலியில் லிங்கைக் கொடுத்து இறக்குங்கள். இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர முயலும்.

4. சில தளங்களின் லிங்க் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் செல்லாது. அப்போது அதே பக்கத்துக்குப் போய்ப் புதிய லிங்கை எடுக்க வேண்டும்.

5. இறங்கும்போது வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றாதீர்கள். பேட்டரி சேவரையும் நிறுத்தி வையுங்கள்.

6. முழுக் குர்ஆனை ஒரே ஜிப் கோப்பாக இறக்குவதைவிட, 114 அத்தியாயங்களும் தனித்தனியாகக் கிடைத்தால் அவற்றையே எடுங்கள். அறுந்தாலும் நஷ்டம் ஓர் அத்தியாயத்தோடு நிற்கும். பயானுக்கு 32 கிலோபிட் தரமே பெரும்பாலும் போதும். அது மணிக்கு 15 எம்பிக்குள் அடங்கும்.

முழுமையாக இறங்கியதா?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில் இருப்பதால், குறையாக இறங்கிய ஜிப் பெரும்பாலும் திறக்காது. தவறு உடனே தெரிந்துவிடும். எம்பி3 அப்படியல்ல. பாதி இறங்கினாலும் அந்தப் பாதி தெளிவாக ஓடும். சில எம்பி3களில் மொத்த நேரம் கோப்பின் தொடக்கத்திலேயே பதிந்திருக்கும். அதனால் முடிவு இல்லாத கோப்பும் முழு நேரத்தையே காட்டக்கூடும்.

286 வசனங்கள் கொண்ட அல்பகராவை வீட்டுப் பெரியவருக்காக இறக்கிக் கொடுக்கிறோம். பலர் இரவில் ஓதிவரும் கடைசி இரு வசனங்கள் அதில் இல்லாமலே போகலாம். போனை இயக்கத் தெரியாத அவருக்கு, ஒலி ஏன் நின்றது என்றும் புரியாது.

எனவே இரண்டு சோதனைகள் போதும். தளத்தில் கோப்பின் அளவு போட்டிருந்தால், உங்களிடம் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு கடைசி ஒரு நிமிடத்துக்கு நகர்த்தி, முடிவுவரை கேளுங்கள். எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளம் கொடுத்திருந்தால் அதையும் ஒப்பிடலாம். அது பொருந்தினால் கோப்பு முழுமையாக வந்துவிட்டது என்று நம்பலாம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரும் முன் இதைச் செய்துவிடுங்கள். குறையுள்ள ஒரு கோப்பு அங்கே போனால், அதே குறை எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரும்.