திரும்பச் செய்தலும் படைப்பாக்கமும்: இரு திரைப்படச் சான்றுகள்

முன்னுரை

கலை வரலாறு பெரும்பாலும் முற்றுப்பெற்ற படைப்புகளைச் சான்றாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஓவியர் அழித்தவையும் மீண்டும் தொடங்கியவையும் இறுதி வண்ணப்பூச்சுக்குள் மறைந்துவிடுகின்றன. மறைந்த அப்பகுதியைத் திரைப்படம் மீட்டுத் தருமா என்னும் வினாவை முன்வைத்து, ஓவியர் இருவர் பணியாற்றுவதைப் பதிவுசெய்த இரு படங்களை இங்கு ஒப்புநோக்குவோம்.

பிக்காசோ: சுருங்கிய காலம்

பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி ஜார்ஜ் குளூசோ, 1955ஆம் ஆண்டுக் கோடையில் நீஸ் நகரில் படமாக்கிய ‘பிக்காசோவின் மர்மம்’ 1956இல் வெளிவந்தது. தாளின் முன்புறம் தீட்டிய மை ஊறிப் பின்புறம் தெரிய, அங்கிருந்து ஒளிப்பதிவு செய்தனர். ஆதலால் ஓவியரின் கை தென்படாமல் கோடுகள் மட்டும் வளர்வதைக் காண்கிறோம். எண்ணெய் வண்ணத்திற்கு இம்முறை பொருந்தவில்லை. ஓவியர் சிறிது தீட்டி விலகியதும் அந்நிலை படமாக்கப்பட்டது. இவ்வாறே படிப்படியாகப் பணி தொடர்ந்தது. கடற்கரைக் காட்சியொன்றைப் பன்முறை மாற்றியும் மனநிறைவு பெறாத பிக்காசோ, புதிய துணியொன்றை எடுத்து அதனை முதலிலிருந்து தீட்டுகிறார். செல்ல வேண்டிய திசையை அவருக்கு உணர்த்தியது முந்தைய முயற்சியே ஆகும்.

எனினும் இச்சான்றை அவ்வாறே ஏற்பதற்கில்லை. ஐந்து மணிநேர உழைப்பு பத்து நிமிட வேலையாகத் தோன்றக்கூடும் என்பது படத்திலேயே பேசப்படுகிறது. படத்தொகுப்பு தயக்கத்தின் கால அளவை நீக்கிவிடுவதால், தடையின்றிப் படைக்கும் மேதை என்னும் பழைய தொன்மமே வலுப்பெறுகிறது எனலாம்.

லோபெஸ்: எண்ணப்பட்ட நாள்கள்

ஸ்பானிய இயக்குநர் விக்தோர் எரிசேயின் ‘குயின்ஸ் மரத்துச் சூரியன்’ (1992) வேறு வழியில் செல்கிறது. 1990ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மத்ரித் நகரிலுள்ள வீட்டு முற்றத்தில் நின்ற குயின்ஸ் பழமரத்தை அந்தோனியோ லோபெஸ் கார்சியா தீட்ட முற்படுகிறார். நாள்தோறும் அதே இடத்தில் நிற்பதற்காகத் தரையில் ஆணி அறைகிறார், தூக்குநூல் தொங்கவிடுகிறார், இலைகளிலும் கனிகளிலும் வெண்ணிறக் குறியிடுகிறார். கனி பருத்துக் கிளை தாழும்போது குறியும் தாழ்கிறது; அவர் மீண்டும் அளக்கிறார். மழையும் மாறும் ஒளியும் தடையாகவே, எண்ணெய் ஓவியத்தைக் கைவிட்டுப் பென்சிலால் தொடங்குகிறார். கனிகள் உதிரும் பருவத்தில் அப்பணியும் நின்றுவிடுகிறது. இப்படத்தில் நாள்கள் தேதியுடன் திரையில் காட்டப்படுவது குறிப்பிடத்தக்கது. காலத்தை இங்குக் கணக்கிட்டுப் பார்க்க இயல்கிறது.

முடிவுரை

இவ்விரு படங்களிலும் திரும்பச் செய்தல் என்பது படியெடுத்தல் அன்று. முன்னர்ச் செய்ததைச் சோதித்தறியும் முறையாகும். முற்றுப்பெற்றதை மட்டும் நோக்கும் வரலாற்றில் லோபெஸ் கைவிட்ட ஓவியத்திற்கு இடமில்லை. ஆனால், அவர் மரத்தை எவ்வாறு அறிந்தார் என்பதற்கு அதுவே தலையாய சான்று. மாணவர் கட்டுரைகளை மதிப்பிடும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். அடித்துத் திருத்திய முதற்படியைக் கேட்டு வாங்காமல் செம்மையான படிக்கு மட்டும் மதிப்பெண் வழங்கும்போது, மாணவர் கற்ற வழியை நாமே காணாமல் விட்டுவிடுகிறோம்.