ஜன்னலுக்கு இரண்டு சட்டம்

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கண்ணாடியைத் தாங்கி நிற்கும் மரமும் சட்டம்தான், நாடாளுமன்றம் இயற்றுவதும் சட்டம்தான். இங்கிலாந்தின் பழைய வீடுகளைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அரசாங்கம் ஜன்னலைச் சும்மா விட்டதில்லை. முதலில் நெருப்புக்குப் பயந்து சட்டம் போட்டது. பிறகு வரி வசூலிக்கச் சட்டம் போட்டது. கடைசியில் தெருவின் அழகைக் காப்பாற்றச் சட்டம் போட்டது. மூன்று முறையும் கையிலிருந்து காசு செலவழித்தவர் வீட்டுக்காரர்தான்.

இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 'கன்சர்வேஷன் ஏரியா'க்கள் இருக்கின்றன. ஒரு தனிக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றாமல் ஒரு தெருவையோ, ஊரின் ஒரு பகுதியையோ மொத்தமாகக் காப்பாற்றும் ஏற்பாடு இது. தமிழில் மரபுப் பகுதி என்று சொல்லலாம். அப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர் தன் வாசல் கதவையோ ஜன்னலையோ மாற்ற நினைத்தால் அவருக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்றுதான்: "வீடு என்னுடையது. ஜன்னலை மாற்ற ஊரை ஏன் கேட்க வேண்டும்?" இதற்குப் பதில் தேட வேண்டுமானால் 17ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

நெருப்பும் ஜன்னலும்

1666இல் லண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தது. மர வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால் தீ வீட்டுக்கு வீடு தாவியது. அடுத்த ஆண்டே, வெளிச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. சுவர் செங்கல் ஆகிவிட்டது. ஆனால் ஜன்னல் மரமாகவே இருந்தது.

அந்தக் காலத்தில்தான் 'சாஷ்' ஜன்னல் பரவத் தொடங்கியது. நம் ஊர் ஜன்னல்போல் கீல் வைத்துத் திறப்பதல்ல இது. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழுமாக நகரும். பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் கயிற்றில் கட்டிய எடைக்கட்டிகள் தொங்கும். கிணற்று ராட்டினத்தில் ஓடுவதுபோல் கயிறு ஓட, ஜன்னல் தூக்கிய இடத்திலேயே நிற்கும். அந்த மரப்பெட்டி சுவரின் முகப்பில் தெரிந்தால் தீ பிடிக்க வழியாகும் அல்லவா? அதனால் லண்டனில் ஜன்னல் மரத்தைச் சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று 1709இல் விதித்தார்கள். 1774இல் வந்த சட்டம், அந்தப் பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைத்துவிடவே சொன்னது.

தீக்காகச் செய்த இந்த மாற்றம் ஒரு புதிய அழகைக் கொடுத்தது. ஜன்னல் உள்ளே போனதும் சுவருக்கு ஆழமும் நிழலும் கிடைத்தன. வெளியே மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்தன. லண்டனுக்காகப் போட்ட விதியை மற்ற ஊர்க்காரர்கள் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று 'ஜார்ஜிய பாணி' என்று வியக்கப்படும் முகப்பில் பாதி தீயணைப்புச் சட்டத்தின் வேலை.

வரி வடிவமைத்த வீடுகள்

1696இல் மூன்றாம் வில்லியம் மன்னர் காலத்தில் ஜன்னல் வரி வந்தது. ஒருவரின் வருமானத்தை எட்டிப் பார்ப்பது கடினம், ஜன்னலைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம் என்பது இதன் தத்துவம். 1747இல் விகிதத்தை மாற்றினார்கள். 10 முதல் 14 ஜன்னல் உள்ள வீட்டுக்கு ஒரு ஜன்னலுக்கு 6 பென்ஸ். 15 முதல் 19 வரை என்றால் 9 பென்ஸ். 20ம் அதற்கு மேலும் என்றால் 1 ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். விகிதம் உயரும்போது அந்த வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் சேர்த்தே உயரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 ஜன்னல் இருந்தால் இந்த வரி கிடையாது. பத்தாவது ஜன்னலை வைத்த உடனே 60 பென்ஸ், அதாவது 5 ஷில்லிங். 14 ஜன்னலுக்கு 84 பென்ஸ், 15 ஆனால் ஒரேயடியாக 135 பென்ஸ்! மக்கள் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஓட்ஸ், ஷ்வாப் இருவரும் லட்லோ என்ற ஊரின் பழைய வரிக் கணக்குகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 9, 14, 19 ஜன்னல்கள் கொண்ட வீடுகளின் எண்ணிக்கை மட்டும் இயல்புக்கு மீறி அதிகமாக இருந்தது அதில் தெரிந்தது. வரிக்காக மக்கள் வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

போதாக்குறைக்கு 1746இல் கண்ணாடிக்கும் எடையை வைத்து வரி போட்டார்கள். கண்ணாடி வரி 1845இலும் ஜன்னல் வரி 1851இலும் ஒழிந்தன. தொழில்நுட்பமும் முன்னேறி, பெரிய கண்ணாடி மலிவாகக் கிடைத்தது. உடனே விக்டோரியா காலத்து வீட்டுக்காரர்கள் தங்கள் தாத்தா காலத்து ஜன்னல்களைக் கழற்றி எறிந்தார்கள்! மேலே ஆறு, கீழே ஆறு என்று சிறு சிறு கண்ணாடிகள் இருந்த இடத்தில் இரண்டு பெரிய கண்ணாடிகள் வந்தன. கண்ணாடியின் கனத்தைத் தாங்க, சட்டத்தின் மூலையில் கொம்புபோல் ஒரு சிறு மர நீட்டம் வைத்தார்கள். அந்தக் கொம்பைப் பார்த்தே இன்று ஜன்னலின் காலத்தை ஓரளவு கணிக்க முடிகிறது.

முகப்பு யாருக்குச் சொந்தம்?

பாத் நகரத்தில் 'ராயல் கிரசென்ட்' என்ற புகழ்பெற்ற வரிசை இருக்கிறது. 1767 முதல் 1774 வரை இளைய ஜான் வுட் கட்டியது. பிறை வடிவில் 30 வீடுகள். முன்பக்கம் முழுவதும் ஒரே அரண்மனைபோல் இருக்கும். பின்பக்கம் போனால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முகப்பைக் கட்டடக் கலைஞர் தீர்மானித்தார், அதற்குப் பின்னால் உள்ள வீட்டை வாங்கியவர் தன் விருப்பப்படி கட்டிக்கொண்டார். முன்புறம் ஊருக்கு, பின்புறம் எனக்கு என்ற உடன்பாடு அன்றே இருந்திருக்கிறது.

1970களில் இதே வரிசையின் 22ஆம் எண் வீட்டுப் பெண்மணி தன் வாசல் கதவுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார். மற்றவை எல்லாம் வெள்ளை. வண்ணத்தை மாற்றச் சொல்லி நகர மன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அவர் விடவில்லை. வழக்கு அமைச்சர் வரை போய், கதவு மஞ்சளாகவே இருக்கலாம் என்று தீர்ப்பானது. ஒரு கதவின் நிறத்துக்கு இவ்வளவா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சண்டையின் மையத்தில் இருந்தது நாம் முதலில் கேட்ட அதே கேள்விதான்.

1967இல் டங்கன் சாண்டிஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமானது. மரபுப் பகுதி என்ற ஏற்பாட்டை உருவாக்கியது அதுதான். அதே ஆண்டில் லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்ட் நகரம் முதல் மரபுப் பகுதி ஆனது. 1974இல் இப்பகுதிகளில் கட்டடத்தை இடிக்கவும் அனுமதி வேண்டும் என்று ஆனது.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தனியாகப் பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால் ஜன்னலை மாற்ற அனுமதி வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்கும் பொதுவாக வேண்டும். ஆனால் மரபுப் பகுதியில் உள்ள சாதாரணத் தனி வீட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. உள்ளூர் மன்றம் '4ஆம் பிரிவு ஆணை' என்று ஒன்றைத் தனியாகப் பிறப்பித்தால்தான் கட்டுப்பாடு வரும். அதாவது வீட்டை இடிக்க முடியாது, ஆனால் அதன் கண்ணையும் வாயையும் பிடுங்கிவிடலாம்!

அப்படித்தான் நடந்தது. 1962இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் பேரி பக்னெல் என்பவர் ஒரு பழைய விக்டோரிய வீட்டை வாரா வாரம் புதுப்பித்துக் காட்டினார். பலகை பதித்த பழைய கதவுகளின் மேல் ஹார்ட்போர்டு தகடு அடித்து வழவழப்பாக்குவது அப்போது பெரிய நாகரிகமாக இருந்தது. அடுத்து வந்தது யு.பி.வி.சி. பிளாஸ்டிக் ஜன்னல். வர்ணம் பூச வேண்டாம், குளிர் வராது, இரட்டைக் கண்ணாடி என்று விற்றார்கள். 2009இல் இங்கிலீஷ் ஹெரிடேஜ் நடத்திய கணக்கெடுப்பில் 83 சதவீத மரபுப் பகுதிகளில் பொருந்தாத கதவும் ஜன்னலும் பிரச்சினையாக இருந்தது தெரியவந்தது. பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

குளிர் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்

பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் இடுக்கு வழியாகக் காற்று வீசும் அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெருவின் அழகு இரண்டாம் பட்சம்தான். வெப்பச் செலவு கட்ட முடியாத முதியவரிடம் போய் மரபு பேச முடியாது.

ஆனால் குளிரைத் தடுக்க ஜன்னலையே மாற்றித்தான் ஆக வேண்டுமா? ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்துக்காக 2008இல் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்தது. பழைய சாஷ் ஜன்னலுக்கு உட்புறம் இன்னொரு கண்ணாடித் தடுப்பு வைத்தால் அதன் வழியே போகும் வெப்பம் 63 சதவீதம் குறைந்தது. மரத்தாலான உட்கதவுகளைச் சாத்தினாலே 51 சதவீதம் குறைந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் பெரிதாகத் தெரியாது. பழைய மரச் சட்டத்தில் ஒரு துண்டு உளுத்துப்போனால் அதை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டலாம் என்ற வசதியும் உண்டு. பிளாஸ்டிக் ஜன்னல் கெட்டால் பெரும்பாலும் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2012இல் ஓர் அறிக்கை தந்தார்கள். மரபுப் பகுதியில் உள்ள வீடு சராசரியாக 23 சதவீதம் அதிக விலைக்குப் போகிறது. அளவு, இடம் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் 9 சதவீதம் மிஞ்சுகிறது. இதன் பொருள் என்ன? ஒரு வீட்டின் விலையில் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் பங்கு இருக்கிறது. ஒருவர் மட்டும் மலிவான ஜன்னல் போட்டால் அவருக்குச் செலவு மிச்சம், தெருவின் மதிப்பும் பெரிதாகக் குறையாது. எல்லோரும் அப்படியே நினைத்தால் தெருவே போய்விடும். இந்தச் சிக்கலைத் தனி மனிதர் தீர்க்க முடியாது, விதி ஒன்றுதான் தீர்க்கும். "ஊரை ஏன் கேட்க வேண்டும்?" என்பதற்கு நேர்மையான பதில் இதுதான்.

அப்படியென்றால் செலவிலும் ஊர் பங்கெடுக்க வேண்டாமா? இங்கேதான் அரசு சறுக்குகிறது. அங்கே புது வீடு கட்டினால் வாட் வரி சுழியம். பழைய ஜன்னலைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். பட்டியலிடப்பட்ட கட்டடங்களில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த விலக்கும் 2012 அக்டோபரில் போய்விட்டது. 4ஆம் பிரிவு ஆணையால் மட்டுமே தேவைப்படும் விண்ணப்பத்துக்கு முன்பு கட்டணம் இல்லை. 2018 முதல் அதற்கும் கட்டணம் உண்டு. காப்பாற்று என்று ஒரு கை கட்டளையிடுகிறது, காப்பாற்றுபவரிடம் இன்னொரு கை வரி வாங்குகிறது.

1747இல் வரியைப் பார்த்து மக்கள் பத்தாவது ஜன்னலை அடைத்தார்கள். இன்றும் மக்கள் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பழைய ஜன்னலை வைத்திருப்பது நஷ்டம் என்று வரிச் சட்டம் சொல்லிக்கொண்டிருக்கும் வரை, அதைக் கழற்றாதே என்று இன்னொரு சட்டம் சொல்வதை எத்தனை பேர் மனமுவந்து கேட்பார்கள்?