எம் வடிவ வளைகோடு

எம் வடிவ வளைகோடு என்பது, ஜப்பானில் தொழிலாளர் படையில் பெண்களின் பங்கேற்பு வயதுக்கேற்ப மாறுவதைக் காட்டும் வரைபடக் கோடு ஆகும். படிப்பு முடிந்ததும் உயரும் பங்கேற்பு வீதம் திருமணம், மகப்பேறு ஆகியவற்றின்போது தாழ்ந்து, பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் உயர்ந்து, முதுமையில் குறைகிறது. இரு முகடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் கொண்டு ஆங்கில எழுத்தான எம் போலத் தோன்றுவதால் இது இப்பெயர் பெற்றது.

காரணங்கள்

ஜப்பானிய நிறுவனங்களில் நிரந்தர ஊழியர்கள் ஒரே நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றுவதும், பணிமூப்புக்கேற்ப ஊதியம் உயர்வதும் வழக்கமாக இருந்து வந்துள்ளன. நீண்ட வேலை நேரமும் இடமாற்றமும் இம்முறையோடு இணைந்தவை. குழந்தை வளர்ப்புக்காக இடையில் விலகும் பெண்கள் திரும்பி வரும்போது, பெரும்பாலும் பகுதிநேர வேலையே பெறுகின்றனர்.

1986 இல் நடைமுறைக்கு வந்த ஓய்வூதிய முறையின்படி, ஊழியர் ஒருவரின் வாழ்க்கைத்துணை குறைந்த வருமானமே ஈட்டினால் தனியே சந்தா செலுத்த வேண்டியதில்லை. அவ்வரம்பைத் தாண்டாதிருக்கப் பல பெண்கள் தம் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்கின்றனர்.

சட்டங்கள்

சம வேலைவாய்ப்புச் சட்டம் 1985 இல் நிறைவேறியது. ஆள்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் பெண்களைச் சமமாக நடத்த நிறுவனங்கள் முயல வேண்டும் என்றே அது முதலில் கூறியது. 1997 இல் திருத்தப்பட்டு, 1999 முதல் இவற்றில் பாகுபாடு தடை செய்யப்பட்டது. குழந்தை வளர்ப்பு விடுப்புச் சட்டம் 1991 இல் இயற்றப்பட்டது.

2015 ஆம் ஆண்டுச் சட்டம், 300 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் பெண்களின் முன்னேற்றத்துக்கான இலக்குகளை வகுத்து வெளியிட வேண்டும் என்றது. 2022 இல் இது 100 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

மாற்றமும் எஞ்சிய இடைவெளியும்

1975 இல் 25 முதல் 29 வயது வரையான பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே தொழிலாளர் படையில் இருந்தனர். 2020களில் முப்பது வயதுகளில் உள்ள பெண்களிலும் முக்கால் பங்கிற்கு மேற்பட்டோர் அதில் உள்ளனர். பள்ளம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

எனினும், பெண் ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிரந்தரமற்ற பணிகளில் உள்ளனர். ஆண்களில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நிரந்தரப் பணியிலுள்ள பெண்களின் வீதம் இருபதுகளின் பிற்பகுதியில் உச்சம் தொட்டு, பின்னர் மீளாமல் சரிகிறது. இது எல் வடிவ வளைகோடு எனப்படுகிறது. 2020 அளவில் தலைமைப் பொறுப்புகளில் 30 விழுக்காடு பெண்கள் என 2003 இல் வகுக்கப்பட்ட இலக்கும் எட்டப்படவில்லை.

டோக்கியோவில் உள்ள ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் பெண்களின் நுழைவுத்தேர்வு மதிப்பெண்களைப் பல ஆண்டுகளாகக் குறைத்து வந்தது 2018 இல் வெளிப்பட்டது. மகப்பேற்றுக்குப்பின் பெண் மருத்துவர்கள் பணியை விட்டு விலகுவர் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இவ்வாறு, பணியிடத்தில் தோன்றிய பள்ளம் பணியில் சேருமுன்னரே பெண்களின் வாய்ப்பைப் பறிப்பதற்கும் காரணமாகியது.