பாட்டு ஏற்றித் தந்த கடைகள்

இணையம் வேகமெடுத்தால் வீட்டில் எதையும் சேமித்து வைக்கத் தேவையிருக்காது, ஹார்டு டிஸ்க்கும் மெமரி கார்டும் விலைபோகாது என்று நினைப்பது இயல்பு. செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற சிற்றூர்கள் கண்ட வரலாறு வேறு. 2004ஆம் ஆண்டு மத்திய அரசின் கொள்கைப்படி வினாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது பிராட்பேண்ட். அந்த வேகத்தில் 700 எம்.பி. அளவுள்ள ஒரு படத்தை இறக்க ஆறு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு காத்திருந்து இறக்கியதை யாருக்கு அழிக்க மனம் வரும்? ஹார்டு டிஸ்க்குகள் நிரம்பின. பென் டிரைவ்கள் கைமாறின. இணைப்பு எட்டாத இடங்களில் அந்தக் குறையைச் செல்போன் கடைகள் தீர்த்தன. ஒரு கணினி, ஒரு கார்டு ரீடர், படவாரியாகப் பிரித்து வைத்த பாட்டுகள், இவ்வளவுதான் முதல். 2 ஜி.பி. கார்டில் ஏறக்குறைய நானூறு பாட்டு ஏறும். ஏற்றித் தந்த கூலியும் கார்டு விற்ற லாபமும் கடைக்காரருக்கு. பெரும்பாலும் உரிமை பெறாத பிரதிகள். பாட்டை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா மலிந்தது, இந்தத் தொழில் நொடிந்தது. அப்படியானால் சேமிப்புக்குத் தேவையிருக்காது என்ற கணிப்பு பலித்துவிட்டதே என்று கேட்கலாம். கார்டு வியாபாரத்தை மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் யூடியூப்பும் நெட்ஃபிளிக்ஸும் ஒவ்வொரு காட்சியையும் அமெரிக்காவிலிருந்து அனுப்புவதில்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் வலைப்பின்னலுக்குள்ளேயே சர்வர்களை வைத்து, அதிகம் பார்க்கப்படும் படங்களின் பிரதிகளை அவற்றில் நிரப்பி வைக்கின்றன. ஒரே படம் பல தரங்களில், பல இடங்களில் சேமிக்கப்படுகிறது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் எழுந்ததற்கு இந்தப் பெருக்கமும் ஒரு காரணம். கைப்பேசியின் கொள்ளளவு கூடியது கேமராவால்தானே, இணையத்தால் அல்லவே என்பது இன்னொரு மறுப்பு. அது பாதி உண்மை. இரவு முழுக்க நடக்கும் தெருக்கூத்தைப் படம்பிடிக்கிறார்கள் என்றால், அதை வெளியூர் உறவினருக்கு அனுப்பவும் யூடியூப்பில் ஏற்றவும் வழி பிறந்திருப்பதும் சேர்ந்துதான் அதற்குத் தூண்டுதல். பார்வையாளர் படைப்பாளரும் ஆனபோது சேமிப்பின் தேவை இரட்டித்தது.

இதில் யாருக்கு ஆதாயம் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். மெமரி சிப் சந்தையில் முன்னிற்பவை கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகியவை. குஜராத்தின் சானந்தில் 2023இல் மைக்ரான் அறிவித்த ஆலையும் சிப்களைப் பொருத்திச் சோதிப்பதற்கானதே. தேவை வளர்ந்தது, அனந்தபுரம் போன்ற ஊர்களின் கடைக்காரருக்கு அதில் இருந்த சிறு பங்கு போய்விட்டது.